ஏழு கண்ணாடி, ஏழு புள்ளி: கல்லடித் தம்பிக்கு

தம்பி, தொலைநோக்கி செய்யப் பிளைவுட் பலகையில் ஏழு அறுகோணக் குவி கண்ணாடிகளைப் பொருத்திச் சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்தால் ஏழு புள்ளிகள் தெரிகின்றன, ஒன்றாக்கினாலும் ஒரு மணி நேரத்தில் கலைகின்றன, கூர்மையும் கூடவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

ஏழு புள்ளிகள் தெரிவது பிழையல்ல. 2022 இல், 18 கண்ணாடிகள் கொண்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கும் ஒரே நட்சத்திரம் 18 புள்ளிகளாகத்தான் முதலில் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணாடியாக அசைத்து, எந்தப் புள்ளி நகர்கிறது என்று பார்த்து அடையாளம் கண்டார்கள். உங்களுக்கு ஒரு மட்டைத் துண்டு போதும்: கண்ணாடியை மூடுங்கள், அணைவது அதன் புள்ளி.

கலைவதற்குப் பலகையைத்தான் சந்தேகிக்கிறேன். உங்கள் கல்லடி வாவிக்கரை ஈரத்தில் பிளைவுட் ஊதும், வளையும். அக்கரைப்பற்றில் நானும் அதை நம்பி ஒரு மாரியை வீணாக்கியவன். தடித்த அலுமினியத் தகட்டுக்கு மாறுங்கள். கண்ணாடிக்கு மூன்று திருகு, ஒவ்வொன்றிலும் சுருள்வில். திருகின் புரியிடை (ஒரு முழுச் சுற்றில் அது முன்னேறும் தூரம்) 0.7 மில்லிமீற்றர், சாயும் அச்சிலிருந்து தூரம் 10 சென்ரிமீற்றர் என்றால், கால் சுற்றிலேயே 1.5 மீற்றர் குவியத் தூரத்தில் (ஒளி குவியும் இடத்தில்) புள்ளி 5 மில்லிமீற்றர் பாய்ந்துவிடும். கண்ணாடி சாய்வதைப் போல இருமடங்கு ஒளி சாயும் அல்லவா? ஆகவே நுண்புரித் திருகு தேடுங்கள்.

கூர்மையை மறந்துவிடுங்கள். புள்ளிகளை அடுக்கினால் வெளிச்சம் மட்டுமே கூடும். கூர்மைக்குக் கண்ணாடிகளின் உயர வேறுபாடு ஒளியின் அலைநீளத்தில் சிறு பங்குக்குள் இருக்க வேண்டும். பச்சை ஒளிக்கு அலைநீளமே ஏறத்தாழ 550 நனோமீற்றர்தான். இதற்காகவே ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் 36 கண்ணாடிகளுக்கு, பக்கத்துக் கண்ணாடிகளின் உயர வேறுபாட்டை அளக்கும் 168 விளிம்பு உணரிகள் வைத்திருக்கிறார்கள்.

ஏழின் குவியத் தூரங்களையும் அளந்து எழுதுங்கள். சில மில்லிமீற்றர் வேறுபட்டாலும் ஒன்று தெளிய மற்றது மங்கும்; அதைச் சாய்த்துச் சரிசெய்ய முடியாது, மூன்று திருகையும் சமமாகத் திருகிக் கண்ணாடியை முன்பின் நகர்த்த வேண்டும்.