தள்ளிப்போன கேம் புதிய கன்சோலுக்கு வந்தால் கிராஃபிக்ஸ் எப்படி இருக்கும்?

கேள்வி: பல வருடம் தள்ளிப்போன ஒரு கேம், பழைய கன்சோலோடு சேர்த்துப் புதிய கன்சோலிலும் வெளியாகிறது என்றால், அதன் கிராஃபிக்ஸ் புதிய தலைமுறைக்கு ஏற்றபடி இருக்கும் என்று எதிர்பார்க்கலாமா? மெட்ராய்டு பிரைம் 4 போன்ற கேம்களை மனதில் வைத்துக் கேட்கிறேன்.

படம் துல்லியமாக இருக்கும், ஓட்டம் தடங்கலில்லாமல் இருக்கும். இந்த இரண்டையும் தாராளமாக எதிர்பாருங்கள். கேமின் உலகமே புதிதாக மாறியிருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. தப்பான எதிர்பார்ப்போடு உட்கார்ந்து, நல்ல கேமைப் பாதியில் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் கீழக்கரைக்காரன். ஜப்பானின் கேம் கம்பெனியான நின்டென்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. எங்கள் ஊரில் வளைகுடாவில் வேலை பார்க்கும் காக்காவோ (அண்ணனோ) மச்சானோ லீவில் வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. எங்கள் வீட்டுக்கு நின்டென்டோவின் ஸ்விட்ச் கன்சோலும் அப்படித்தான் வந்தது, அப்புறம் ஸ்விட்ச் 2-வும் அப்படித்தான் வந்தது. புதுப் பெட்டியைப் பிரித்ததும் லாத்தா (அக்கா) மகன் கேட்டதும் நீங்கள் கேட்டதும் ஒரே கேள்வி. "மாமா, மெட்ராய்டு பிரைம் 4-ஐ எட்டு வருஷமா செஞ்சிருக்காங்க, புது மெஷின்ல வேற வருது. அப்ப சோனியோட பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேமெல்லாம் தோத்துப்போற மாதிரி இருக்கும்ல?"

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 2017 ஜூனில் இ3 கேம் கண்காட்சியில் நின்டென்டோ காட்டியது 4 என்ற எண்ணையும் கேமின் பெயரையும் மட்டும்தான். 2019 ஜனவரியில் நின்டென்டோவின் ஷின்யா தகஹாஷி கேமரா முன்னால் வந்து, இதுவரை நடந்த வேலை எங்கள் தரத்துக்கு எட்டவில்லை, டெக்சாஸில் இருக்கும் ரெட்ரோ ஸ்டுடியோஸை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறோம் என்றார். முதல் மூன்று பிரைம் கேம்களையும் செய்தவர்கள் அவர்கள்தான். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க 2024 ஜூன் வரை காத்திருந்தோம். 2025 டிசம்பர் 4 அன்று ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 இரண்டிலும் கேம் வெளியானது.

எட்டு வருடம் என்பது உண்மைதான். ஆனால் 2019-ல் முதலிலிருந்து தொடங்கியபோது எந்தக் கருவிக்காகத் தொடங்கினார்கள்? அதே பழைய ஸ்விட்சுக்காகத்தான். அதன் உள்ளே இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப், கூடவே 4 ஜிபி ரேம். ஸ்விட்ச் 2-ல் 12 ஜிபி. ஒரு அறையில் எத்தனை எதிரிகள் நிற்கலாம், ஒரு பாறையின் உருவத்தைக் கட்ட எத்தனை முக்கோணங்கள் செலவழிக்கலாம், சுவரின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதையெல்லாம் அந்த 4 ஜிபிக்குள் கணக்குப் போட்டுத்தான் முடிவு செய்திருப்பார்கள். நாட்டுப்படகில் புது இன்ஜின் மாட்டினால் சீக்கிரம் கரை சேரலாம், ஐஸ்பெட்டி வைக்கிற இடம் பெரிதாகிவிடாது.

அப்படியானால் பழையதை விட்டுவிட்டுப் புதியதுக்கு மட்டும் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய ஸ்விட்ச் உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. ஸ்விட்ச் 2, 2025 செப்டம்பர் முடிவில் ஒரு கோடியைத்தான் தாண்டியிருந்தது. இத்தனை வருடம் பணம் கொட்டிய கேமை அந்தச் சின்னக் கூட்டத்துக்கு மட்டும் விற்க எந்தக் கம்பெனியும் யோசிக்கும். 2017-லிருந்து காத்திருந்தவர்கள் கையில் இருப்பதும் பழைய ஸ்விட்ச்தான். அவர்களைக் கைவிடாததை நான் நியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, புதிய கருவியில் என்ன மாறும், என்ன மாறாது? எனக்கு இதை விளக்கத் தண்ணீர்தான் வசதி. கடற்கரையில் வளர்ந்தவன் எந்தக் கேமிலும் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தெற்குப் பக்கம் அலை எழும்பி நுரை தள்ளும், வடக்குப் பக்கம் அசையாமல் கிடக்கும். பாலத்தின் ஓரத்தில் நின்று நேர் கீழே பார்த்தால் ஆழமில்லாத இடத்தில் அடிமணல் தெரியும், கடல்புல் வளர்ந்த இடம் கருந்திட்டாகத் தெரியும். பார்வையை மெதுவாகத் தூரத்துக்கு நகர்த்துங்கள். மணல் மங்கி, பச்சை மங்கி, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் வானத்தின் நிறம் மட்டும்தான் மிஞ்சும். நேராகப் பார்த்தால் ஒளி தண்ணீருக்குள் போய்த் திரும்புகிறது, சாய்வாகப் பார்த்தால் மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. ஒரு வல்லம் கடந்து போனால் இந்த மொத்தக் காட்சியும் கலைந்து, மறுபடி கூடும்.

பழைய கருவிக்காகச் செய்த கேமில் இதையெல்லாம் கணக்கிட நேரம் கிடையாது. பெரும்பாலும் ஒரு தட்டையான பரப்பு இருக்கும். அதன்மேல் அலைவரிப் படம் இரண்டு எதிரெதிராக நகரும். வானத்தின் பிரதிபலிப்பு முன்கூட்டியே எடுத்து வைத்த படமாக இருக்கும். கொஞ்சம் வசதி இருந்தால், திரையில் இருக்கும் பொருள்களை மட்டும் பிரதிபலிப்பார்கள். கேமராவைக் கீழே திருப்பி மலை திரையை விட்டுப் போனதும் தண்ணீரில் இருந்த மலையும் காணாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள், காரணம் அதுதான்.

இந்தக் கேமைப் புதிய கன்சோலுக்குக் கொண்டுவந்தால் அதே தண்ணீரை 4கே-யில் வரையலாம். 720பி என்றால் திரையில் சுமார் 9 லட்சம் புள்ளிகள், 1080பி என்றால் 20 லட்சத்துக்கு மேல், 4கே என்றால் கிட்டத்தட்ட 83 லட்சம். தூரத்து அலைகளின் மினுக்கு நடுங்காமல் நிற்கும், கம்பி வேலியும் இலை விளிம்பும் பல்பல்லாகத் தெரியாது. ஆனால் தட்டையான பரப்பு தட்டையாகவேதான் இருக்கும். படகு போனால் தண்ணீர் விலக வேண்டும் என்றால் அதற்கு ஒருவர் உட்கார்ந்து புதிதாக நிரல் எழுத வேண்டும், அதைச் சுற்றி அந்த இடத்தின் வடிவமைப்பையும் மாற்ற வேண்டும். இன்னொன்றும் உண்டு. புள்ளிகள் கூடக் கூட, மங்கலில் மறைந்திருந்த குறைகளும் தெரிய ஆரம்பிக்கும். சின்னத் திரையில் பாறையாகத் தெரிந்தது பெரிய 4கே டிவியில் பாறையின் படம் ஒட்டிய பெட்டியாகத் தெரியும்.

பிரைம் 4-ல் இதை நேரடியாகப் பார்க்கலாம். ஃபியூரி கிரீன் காட்டுக்குள் நடக்கும்போது ஸ்விட்ச் 2-ல் கண் நிறைந்துவிடுகிறது. அளவான இடம், ஒவ்வொரு மூலையையும் கையால் செதுக்கியிருக்கிறார்கள், கூடும் புள்ளிகள் அந்த உழைப்பை வெளியே கொண்டுவருகின்றன. சோல் வேலி பாலைவனத்துக்கு வந்தால் 4கே-யிலும் வெறிச்சோடித்தான் கிடக்கிறது. அங்கே குறைவது துல்லியம் இல்லை, நிரப்பியிருக்க வேண்டிய பொருள்கள்.

அதற்காக ஓட்டத்தின் வேகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி, 120 என்றால் 8.3. முதல் நபர் பார்வையில் குறிபார்த்துச் சுடும் கேமில் இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். ஸ்விட்ச் 2 பதிப்பில் டிவியில் 4கே 60 அல்லது 1080பி 120, கையில் வைத்து ஆடினால் 1080பி 60 அல்லது 720பி 120 என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பழைய ஸ்விட்சிலேயே அது 60-ல் ஓடும்படி செய்திருக்கிறார்கள். அதனால்தான் புதியதில் இவ்வளவு இடம் கிடைத்தது.

இந்தக் கதை புதிதும் இல்லை. செல்டா வரிசையில் ட்விலைட் பிரின்சஸ் நின்டென்டோவின் பழைய கேம்கியூப் கன்சோலுக்காகத் தொடங்கித் தள்ளிப்போய், 2006 நவம்பரில் வீ கன்சோலோடு முதலில் வந்தது. அகலத்திரை கிடைத்தது, ரிமோட்டை வீசி வாளைச் சுழற்ற முடிந்தது. ரிமோட்டைப் பெரும்பாலோர் வலது கையில் பிடிப்பார்கள் என்பதற்காக, இடதுகைக்காரனான கதாநாயகன் லிங்க்கை வலதுகைக்காரனாக்க மொத்த உலகத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் கிழக்கு மேற்காகத் திருப்பிவிட்டார்கள். படத்தின் தரம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்தது. அதே வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டும் வீ-க்கு அடுத்த கன்சோலான வீ யூவுக்காகத் தொடங்கியது, 2017 மார்ச் 3 அன்று அதிலும் ஸ்விட்சிலும் வந்தது. வீ யூவில் 720பி, ஸ்விட்சை டிவியில் போட்டால் 900பி. அவ்வளவுதான் தூரம். ஆனாலும் இன்றைக்கும் அதன் புல்வெளியில் காற்று வீசும்போது நின்று பார்க்கத் தோன்றுகிறது.

முழுவதும் இடம் மாறிய கேம்கள் வேறு ரகம். தி லாஸ்ட் கார்டியன் 2009-ல் பிஎஸ்3-க்கு என்று அறிவிக்கப்பட்டு, 2016 டிசம்பரில் பிஎஸ்4-ல் மட்டும் வந்தது. 2009-ல் காட்டியது, குறைந்த ஃபிரேமில் ஓடியதை வேகப்படுத்திக் காட்டிய காட்சி என்று சோனியின் ஷுஹேய் யோஷிடா பின்னாளில் சொன்னார். அதில் வரும் பெரிய மிருகத்தின் ஒவ்வொரு இறகும் அசைவது பழைய கருவிக்குத் தாங்காத பாரம், பிஎஸ்4-ம் சில இடங்களில் திணறியது. 2006-ல் பிஎஸ்3-க்கு அறிவித்த ஃபைனல் ஃபேன்டசி கேம் ஒன்று, பெயர் மாறி, கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் மாறி, பத்து வருடம் கழித்து ஃபைனல் ஃபேன்டசி 15 ஆக வந்தது.

இன்னும் பக்கத்து உதாரணம் மாரியோ கார்ட் வேர்ல்ட், டாங்கி காங் பனான்சா இரண்டும். இரண்டுமே பழைய ஸ்விட்சில் தொடங்கிய வேலைகள், நடுவில் ஸ்விட்ச் 2-க்கு மாற்றப்பட்டவை. இதைச் செய்தவர்களே பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள். பழையதை விட்டதும் மாரியோ கார்டில் ஓட்டுநர்கள் 12-லிருந்து 24 ஆனார்கள், பந்தயத் தடங்களை இணைத்து ஒரே உலகமாக்க முடிந்தது. பனான்சாவில் பார்க்கிற பாறையை, மண்ணை, சுவரை எல்லாம் உடைத்துத் தோண்டிக்கொண்டே போகலாம். புதிய கருவி ஆட்டத்தையே மாற்றுவது என்றால் இதுதான். எந்தக் கன்சோலுக்கு வருகிறது என்பதைவிட, எந்தக் கன்சோலை விட்டுவிட்டு வருகிறது என்று பாருங்கள். பழையதிலும் வருகிறது என்றால் அதன் அளவுதான் எல்லை.

புதியதுக்காகக் கனவு கண்டு பழையதில் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு சைபர்பங்க் 2077 இருக்கிறது. 2020 டிசம்பரில் பிஎஸ்4-ல் அது ஓடிய லட்சணத்தில், சோனி சில நாளிலேயே தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2023-ல் வந்த கூடுதல் பகுதி பழைய கன்சோல்களுக்கு வரவே இல்லை. அப்புறம், தாமதமானால் கிராஃபிக்ஸ் தானாக நன்றாகிவிடும் என்ற நம்பிக்கையை டியூக் நியூகெம் ஃபார்எவர் உடைத்துவிட்டது. 1997-ல் அறிவித்தார்கள், புது எஞ்சினைத் துரத்தி மாற்றினார்கள், 2011-ல் வந்தபோது அது பழையதாகத்தான் தெரிந்தது.

என் மனசில் எப்போதும் நிற்பது 2002-ல் வந்த முதல் மெட்ராய்டு பிரைம். கேம்கியூபின் பிரதான நினைவகம் 24 எம்பிதான். அதிலேயே மழையில் தலையை உயர்த்தினால் ஹெல்மெட் கண்ணாடியில் துளிகள் விழுந்து வழியும், நீராவிப் பக்கம் போனால் கண்ணாடி பனிக்கும், கண்ணெதிரே வெடித்தால் அந்த வெளிச்சத்தில் நாயகி சாமுஸின் முகம் ஒரு நொடி உள்பக்கம் தெரியும். கருவி பத்து மடங்கு பெரிதானாலும் இந்த யோசனை தானாக வராது. கிராஃபிக்ஸ் என்று நான் தேடுவது முதலில் இதைத்தான், அப்புறம்தான் 4கே.

வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் டிவியையும் ஒரு பார்வை பாருங்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் இருப்பது 32 அங்குல எச்டி ரெடி டிவி, அதன் திரையே 1366-க்கு 768 புள்ளிதான். அதில் 4கே-யைப் போட்டாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 4கே டிவி வைத்திருப்பவர்களிலும் பலருடையது நொடிக்கு 60 முறை மட்டும் படம் மாற்றும் 60 ஹெர்ட்ஸ்தான், 120 ஃபிரேமின் பலன் அதில் வராது. ஸ்விட்ச் 2-ன் 7.9 அங்குலத் திரையோ 1080பி, 120 ஹெர்ட்ஸ். எச்டி ரெடி டிவி வைத்திருந்தால் கையில் வைத்து ஆடுங்கள், அந்தக் கேமை நீங்கள் பார்க்கக்கூடிய நல்ல படம் அதில்தான் வரும். கடலை ஒட்டிய வீடு என்றால் ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் டாக்கை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். உப்புக் காற்றில் எச்டிஎம்ஐ பின்கள் பச்சை பிடித்து, கொஞ்ச நாளில் படம் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கும்.