பூஜ்ஜியங்களைத் தேடும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு?

ஆச்சி, நீங்கள் போனில் கேட்டதற்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இந்த மார்க்குக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸே கிடைக்கும். இவன் கணக்குதான் படிப்பேன் என்கிறான். அது சோறு போடுமா?" என்றீர்கள்.

போன வாரம் உங்கள் மகன் தேவகோட்டையிலிருந்து பஸ் ஏறி காரைக்குடிக்கு வந்து என்னிடம் தன் நோட்டைக் காட்டினான். ஸ்கேல் வைத்து இழுத்த கோட்டின் மேல் 14.13, 21.02, 25.01, 30.42, 32.94 என்று பென்சில் புள்ளிகள். ஜெர்மன் கணித மேதை ரீமன் 1859-இல் ஆராய்ந்த ஜீட்டா சார்பு என்ற சூத்திரத்தின் முதல் ஐந்து பூஜ்ஜியங்களின் உயரங்கள் அவை. பூஜ்ஜியம் என்றால் அந்தச் சார்பின் மதிப்பு பூஜ்ஜியமாகிற இடம். பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்ற சூட்சுமம் இந்தப் பூஜ்ஜியங்களில்தான் இருக்கிறது.  

அவன் பிடித்துக்கொண்டது இந்தப் பூஜ்ஜியங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளை. மேலே போகப் போகப் பூஜ்ஜியங்கள் கானாடுகாத்தான் வீட்டுத் தூண்கள் மாதிரி சம தூரத்திலும் இல்லை, தரையில் கொட்டிய கடுகு மாதிரி குவிந்தும் கிடக்கவில்லை. ஒன்றையொன்று ஒட்டாமல் விலகி நிற்கின்றன. 1972-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு இந்த இடைவெளிகளுக்கான ஒரு சூத்திரத்தோடு வந்திருந்தார் கணிதவியலாளர் ஹியூ மாண்ட்கோமரி. டீ நேரத்தில் இன்னொரு கணிதவியலாளர் சர்வதமன் சௌலா அவரை இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசனிடம் விடாப்பிடியாக அழைத்துப்போனார். டைசனுக்குச் சூத்திரம் உடனே பிடிபட்டது. தற்செயலாக எண்களை நிரப்பிய பெரிய அணிகளின் (வரிசையும் நிரலுமாக எண்களை அடுக்கிய கட்டங்களின்) ஐகன் மதிப்புகளும், அதாவது அந்த அணிகளிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சிறப்பு எண்களும், அப்படித்தான் விலகி நிற்கும். அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களுக்காக இயற்பியலாளர் விக்னர் 1950-களில் கையில் எடுத்த அணிகள் அவை. இந்த ஒற்றுமைக்கு முழு நிரூபணம் இன்னும் கிடைக்கவில்லை.

சரி, சோற்றுக்கு வருகிறேன். 1980-களில் பூஜ்ஜியங்களைக் கம்ப்யூட்டரில் லட்சக்கணக்கில் கணக்கிட்டு இந்தப் பொருத்தத்தைக் காட்டிய ஆண்ட்ரூ ஓட்லிஸ்கோ, டெலிபோன் கம்பெனியின் பெல் ஆய்வகத்தில் சம்பளம் வாங்கியவர். இந்த வழியில் போகிற பிள்ளை அணிகள், நிகழ்தகவு, புரோகிராமிங் மூன்றையும் ஆழமாகக் கற்றாக வேண்டும். ஆராய்ச்சி பிடிக்காமல் பாதியில் திரும்பினாலும், டேட்டா வேலைக்கும் வங்கியின் ரிஸ்க் கணக்குக்கும் கேட்பது இவற்றைத்தான்.

ஆனால் பாதை நீளம், மறைக்க மாட்டேன். பட்டம் 3 வருடம், எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. 5. பிஎச்.டி. காலத்தில் உதவித்தொகை உண்டு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். வீட்டுச் செலவுக்கு அவன் சம்பளம் உடனே தேவை என்றால் அதை இப்போதே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத்தேர்வை எழுதட்டும். கிடைக்காவிட்டால் இங்கேயே பி.எஸ்சி. கணக்கு படித்துவிட்டு ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வு எழுதலாம். எம்.எஸ்சி.க்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் கணித நிறுவனமும் இருக்கிறது. அதை 1950-இல் தொடங்கியவர் நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார்தான், ஆச்சி.

பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் முதல் இரண்டு பாடங்கள் அணிகளும் கலப்பு எண்களும். அந்த இரண்டிலும் உள்ள எல்லாக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வரச் சொல்லுங்கள். நீங்களும் கூட வாருங்கள்.