எக்ஸ்டென்ஷன் கை மாறினால் நமக்குச் சொல்வார்களா?

கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: பக்கங்களை டார்க் மோடில் காட்டும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன புரோகிராம்) ஒன்றை குரோம் ஸ்டோரிலிருந்துதான் போட்டேன். நல்ல ரேட்டிங், லட்சக்கணக்கான பேர் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நாளாக எதைத் தேடினாலும் நடுவில் வேறு ஏதோ ஒரு பக்கம் ஒரு நொடி வந்து போகிறது. ஆன்டிவைரஸ் ஓட்டினால் ஒன்றுமில்லை என்கிறது. இத்தனை நாள் ஒழுங்காக இருந்தது திடீரென்று கெட்டுப்போகுமா?

பதில்: கெட்டுப்போகும். முதலில் அதை நீக்கிவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் அன்றைக்கு நம்பிப் போட்டதும் இன்றைக்கு ஓடிக்கொண்டிருப்பதும் ஒரே எக்ஸ்டென்ஷன்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அப்டேட் தானாக வந்து இறங்கிவிடும். முதன்முதலில் போடும்போது ஒரு பெட்டி வந்திருக்கும், 'எல்லா வெப்சைட்டிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் முடியும்' என்று. அதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை, ஆட் எக்ஸ்டென்ஷன் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம். பக்கத்தின் நிறத்தை மாற்ற அந்த அனுமதி தேவைதான், கேட்டதில் தப்பில்லை. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. ஒரு அப்டேட் புதிதாகப் பெரிய அனுமதி எதையாவது கேட்டால் குரோம் அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்திவைத்து உங்களிடம் சம்மதம் கேட்கும். எல்லாத் தளத்துக்கும் ஏற்கெனவே அனுமதி கொடுத்தாயிற்று என்றால், உள்ளே இருக்கும் கோடு, அதாவது புரோகிராம் வரிகள், தலைகீழாக மாறினாலும் உங்களிடம் கேட்பதற்கு ஒன்றுமே இல்லை.

கோடு ஏன் மாறுகிறது? பல நேரம் எழுதியவர் விற்றுவிடுகிறார். இலவசமாக, ஓய்வு நேரத்தில் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷனுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் சேர்ந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று மெயில் வரத் தொடங்கிவிடும். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது, சும்மா திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும், நிஜமாகவே நல்ல சரக்கு. 2020-இல் அதை யாரென்றே தெரியாத ஒருவரிடம் விற்றார்கள். 2021 பிப்ரவரியில் மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) என்று சொல்லி கூகுள் அதை நீக்கியபோது 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். விளம்பரங்களைத் தடுக்கும் நானோ ஆட்பிளாக்கரும் 2020-இல் இப்படித்தான் கை மாறியது, அப்புறம் பார்த்தால் பயன்படுத்தியவர்களின் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து அவர்கள் பார்க்கவே செய்யாத படங்களுக்கு லைக் போய்க்கொண்டிருந்தது.

விற்காமலும் நடக்கும். சைபர்ஹேவன் என்பது நிறுவனங்களின் தகவல் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளும் கம்பெனி. 2024 டிசம்பர் 24 அன்று அங்கே ஒரு ஊழியருக்கு குரோம் வெப் ஸ்டோரிலிருந்து வந்தது போலவே ஒரு மெயில், உங்கள் எக்ஸ்டென்ஷன் விதிகளை மீறுகிறது, நீக்கப்போகிறோம் என்று. அவர் லிங்க்கைத் தட்டினார், கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கமே திறந்தது, அதில் திருடர்களின் ஆப் ஒன்றுக்கு சரி கொடுத்தார். பாஸ்வேர்ட் திருடுபோகவில்லை, இரண்டடுக்குப் பாதுகாப்பும் இருந்தது, ஆனாலும் ஸ்டோரில் புது வெர்ஷன் ஏற்றும் உரிமை திருடர்கள் கைக்குப் போய்விட்டது. அவர்கள் ஏற்றியது ஸ்டோரின் சோதனையையும் தாண்டி, ஒரு நாள் முழுக்க, சுமார் 4 லட்சம் பேர் வைத்திருந்த எக்ஸ்டென்ஷனில் அப்டேட்டாகப் போய்க்கொண்டிருந்தது. பாதுகாப்பையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கே இந்த நிலைமை என்றால், நான்கரை ஸ்டார் ரேட்டிங்கை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காததும் ஆச்சரியமில்லை. எக்ஸ்டென்ஷன் பிரவுசருக்குள்ளேயே, நீங்கள் கொடுத்த அனுமதியோடு ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பிரவுசர் தன் வழக்கமான வேலையைச் செய்வது போலத்தான் தெரியும்.

கேள்வி: தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறது, ஓடிபியும் இருக்கிறது. அப்புறம் எக்ஸ்டென்ஷன் என்ன செய்துவிட முடியும்?

பதில்: வழியில் ஒட்டுக்கேட்பவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தப் பூட்டு. எக்ஸ்டென்ஷன் வழியில் இல்லை, பூட்டுத் திறந்து பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பெட்டியில் டைப் செய்கிற ஒவ்வொரு எழுத்தும் அதற்கும் தெரியும். ஓடிபி விஷயம் இன்னும் மோசம். ஓடிபி போட்டு உள்ளே நுழைந்த பிறகு தளம் உங்களை அடையாளம் வைத்துக்கொள்வது ஒரு குக்கீயை (உங்கள் பிரவுசரில் தளம் போட்டுவைக்கும் சின்னத் தகவல்) வைத்துத்தான், அந்தக் குக்கீயைக் கிளப்பிக்கொண்டு போனால் பல தளங்களில் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் வந்துவிடலாம்.

எதையும் திருடாமல் நீங்கள் போகும் முகவரிகளை மட்டும் சேகரித்தாலும் போதும், சேதம்தான். 2019-இல் சாம் ஜடாலி என்ற ஆய்வாளர் இப்படி 8 எக்ஸ்டென்ஷன்களைக் கண்டுபிடித்தார். கூகுள் டிரைவ் மாதிரி இடங்களில் 'லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம்' என்று வைக்கிறோமே, அந்த மாதிரி லிங்க்குகளும் சேர்ந்தே விற்பனைக்குப் போயிருந்தன. லிங்க் வெளியே போனால் ஃபைலும் போன மாதிரிதான்.

கேள்வி: அப்படியானால் ஒன்றுமே போடக் கூடாதா? பாஸ்வேர்ட் மேனேஜர், விளம்பரத் தடுப்பு இதெல்லாம்?

பதில்: போடுங்கள். இந்த இரண்டும் பாதுகாப்பைக் கூட்டத்தான் செய்யும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தினமும் தொடாத ஒன்று எல்லாத் தளத்தையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் என்ன? மாதக்கணக்கில் பயன்படுத்தாதது எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எப்போதாவது தேவைப்படுவதற்கு ஒரு வழி இருக்கிறது: குரோமில் மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் போய், அதன் டீட்டெயில்ஸில் சைட் ஆக்சஸ் என்பதை 'ஆன் கிளிக்' என்று மாற்றிவிட்டால், ஐகானைத் தட்டும்போது மட்டும் அந்த ஒரு பக்கத்தைப் பார்க்கும். ஃபயர்பாக்ஸில் 'ரெகமெண்டட்' முத்திரை உள்ளவற்றை ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் ஆட்களே பரிசோதிக்கிறார்கள், இரண்டில் ஒன்று என்றால் அதையே எடுங்கள்.

கேள்வி: சந்தேகப்பட்டு நீக்கிவிட்டேன். போதுமா?

பதில்: போதாது. கணக்குகளில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள், அப்போதுதான் திருடுபோன குக்கீ செல்லாமல் போகும். பாஸ்வேர்டை அதற்குப் பிறகு மாற்றுங்கள், மெயில் கணக்கிலிருந்து தொடங்கி. சிங்க் (ஒரே கணக்கில் உள்ள எல்லா பிரவுசரையும் ஒரே மாதிரி வைக்கும் வசதி) ஆன் செய்திருந்தால் அதே எக்ஸ்டென்ஷன் அலுவலகக் கம்ப்யூட்டரிலும் போய் உட்கார்ந்திருக்கும், அங்கேயும் பாருங்கள்.

கேள்வி: ஒரு தளத்தில் ஜிப் ஃபைல் கொடுத்து, டெவலப்பர் மோடை ஆன் செய்து 'லோட் அன்பேக்ட்' கொடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டோரில் கிடைக்காத எக்ஸ்டென்ஷனாம்.

பதில்: வேண்டவே வேண்டாம். எழுதுகிறவர் தன் சொந்தக் கோடைச் சோதித்துப் பார்க்க இருக்கிற வழி அது. ஸ்டோரின் சோதனை எதுவும் அதன் மேல் நடப்பதில்லை, மால்வேர் என்று தெரிந்த பிறகு எல்லோருடைய பிரவுசரிலிருந்தும் ஸ்டோர் நிறுத்திவிடுமே, அந்தக் கடைசிப் பாதுகாப்பையும் நம்ப முடியாது.