சட்டையைக் கழற்ற மறுக்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. இரண்டு மாதமாக இடது மார்புக் காம்புக்கு அடியில் ஒரு சின்னக் கட்டி. சட்டை உரசினாலே வலிக்கிறது என்கிறான். நீச்சலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். பிராய்லர் கோழி தின்றதால்தான் என்கிறார் மாமியார். புற்றுநோயாக இருக்குமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.
- ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இந்த வயதில் இது புற்றுநோயாக இருப்பது அரிதிலும் அரிது. பருவம் எட்டும் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வருகிறது. வெட்கப்பட்டு யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டு. விதைகள் வளரத் தொடங்கி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு ஏறும்வரை ஈஸ்ட்ரோஜனின் கை சற்று ஓங்கியிருக்கும். எல்லா ஆண்களுக்கும் காம்புக்கு அடியில் இருக்கிற துளி சுரப்பித் திசு அதனால் வீங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் வருவதும் சகஜம். பச்சைக் குழந்தைக்கு மார்பு வீங்குமே, அதுவும் ஹார்மோன் வேலைதான். அதைப் பிழிவது எவ்வளவு தப்போ, இதை அமுக்கித் தேய்ப்பதும் சுண்ணாம்பு தடவுவதும் அவ்வளவு தப்பு; வலி கூடும், தோல் புண்ணாகும்.

சோதித்துப் பார்க்க வேண்டியது அவன்தான், நீங்கள் அல்ல. மல்லாந்து படுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து, காம்பை நோக்கி மெல்லக் கொண்டுவரட்டும். காம்புக்கு நேர் அடியில் நாணயம்போல ரப்பர் பதத்தில் வட்டமாகத் தட்டுப்பட்டால் இந்த வீக்கம்தான். எதுவுமே தட்டாமல் விரல்கள் காம்புவரை வந்துவிட்டால் அது வெறும் கொழுப்பு. கொழுப்பும் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டும் என்பதால், பையன் குண்டாக இருந்தால் சாயங்காலத் தட்டுவடை செட்டைக் குறைத்து விளையாட விடுங்கள்.

பெரும்பாலும் 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். 4 செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ, காம்பை விட்டு ஒதுங்கிக் கல்போல் இருந்தாலோ, காம்பிலிருந்து நீர் அல்லது ரத்தம் கசிந்தாலோ, விதையில் கட்டி தெரிந்தாலோ, 2 வருடம் ஆகியும் வடியாவிட்டாலோ டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை நல மருத்துவர் போதும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் காட்டலாம். அவன் சாப்பிடும் மாத்திரை, ஜிம் பவுடர் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில மருந்துகளாலும் மார்பு வீங்கும். டாக்டர் விதைகளையும் தொட்டுப் பார்ப்பார். இதைப் பையனிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே மிரண்டுபோவான்.

கோழி விஷயம். பிராய்லர் வேகமாக எடை போடுவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான். ஒவ்வொரு கோழிக்கும் ஹார்மோன் ஊசி போட்டால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. வளர்கிற பையனுக்குப் புரதம் வேண்டும், நாமக்கல் முட்டை தினம் ஒன்று கொடுங்கள்.

பெண் வயசுக்கு வந்தால் ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டுகிறோம். பையனுக்குக் குரல் உடைந்தால் கேலி மட்டும்தான். எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். இந்த வயதில் தூக்கம் தள்ளிப்போவது இன்னொன்று. அவனுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அப்பாவோ தாய்மாமனோ பேசுவது நல்லது. எதிரே உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்க மாட்டான். ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய் ஏரியோரம் நடந்துகொண்டே, 'எனக்கும் உன் வயசில் குரல் உடைந்தது' என்று ஆரம்பிக்கலாம். தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் சக்தி போகாது, லேகியம் தேவையில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். அந்தப் பயத்தை வைத்தே கடை நடத்துகிறவர்கள் உண்டு.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே கிடந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

மார்பை இறுக்கிக் கட்ட வேண்டாம். உள்ளே தடித்த பருத்தி பனியன், மேலே கட்டம்போட்ட சட்டை போட்டால் வெளியே தெரியாது. நீச்சலுக்கு நீச்சல் டிஷர்ட் வாங்கிக் கொடுங்கள். தூக்கத்தில் விந்து வெளியேறினால் அவனே மாற்றிக்கொள்ள அலமாரியில் கூடுதலாக ஒரு போர்வை, ஒரு லுங்கி வையுங்கள். துவைக்கப் போட்டிருந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.