வெண்பனி ஏக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வேலைக்காக இங்கிலாந்து வந்து, லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் இருக்கிறேன். வரும்போது ஸ்னோ பார்க்கப்போகிறோம் என்று மகளிடம் பெருமையாகச் சொல்லி அழைத்து வந்தேன். இதுவரை பார்த்ததெல்லாம் மழையும் சாம்பல் நிற வானமும்தான். ஒருநாள் கொஞ்சம் தூவியது, மதியத்துக்குள் சேறாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. 1963 குளிர்காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார். கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஆபீஸ் தோழி ஒருத்தி, நர்ஸாக இருந்தவள், "ஸ்னோ வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் எலும்பு முறிவு வார்டில் ஒரு ராத்திரி இருந்ததில்லை" என்று திட்டினாள். ஆசைப்படுவது தப்பா? பெரியவர் சொல்வதுபோல் மறுபடி ஒரு குளிர்காலம் வருமா?

ர.

அன்புள்ள ர.,

தப்பில்லை. நவம்பர் பிறந்தால் எனக்கும் அந்த ஆசை வந்துவிடுகிறது. ஆனால் 1963-ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்த நாட்டில் வாழ்நாள் முழுக்க ஏமாற்றம்தான்.

1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தென் இங்கிலாந்தில் பனி கொட்டத் தொடங்கியது. டிசம்பர் 29, 30 தேதிகளில் தென்மேற்கிலும் வேல்ஸிலும் பனிப்புயல். காற்று வாரிக் குவித்த பனி சில இடங்களில் இருபது அடி உயரம். தென்மேற்கு மேட்டுநிலமான டார்ட்மூரில் சிக்கிக்கொண்ட பண்ணைகளுக்கு ஹெலிகாப்டரில் தீவனம் போட்டார்கள். மத்திய இங்கிலாந்தில் அந்த ஜனவரியின் சராசரியே மைனஸ் 2.1 டிகிரி. 1740-க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த குளிர்காலம் அங்கே வந்ததில்லை. கென்ட்டில் ஹெர்ன் பே கரையோரம் கடலே உறைந்தது, ஆக்ஸ்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றின் மேல் ஒருவர் கார் ஓட்டினார். ஜனவரி 5-ம் தேதி தொடங்கிய எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்தின் மூன்றாம் சுற்று மார்ச் 11-ம் தேதிதான் முடிந்தது. மேட்ச் நடக்காததால் கால்பந்துப் பந்தயச் சீட்டு வியாபாரம் படுத்தது. அப்புறம் பழைய ஆட்டக்காரர்களை ஒரு அறையில் உட்கார வைத்து, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு சொல்ல வைத்தார்கள். 'பூல்ஸ் பேனல்' பிறந்தது அப்படித்தான். மழையால் நின்ற கிரிக்கெட்டுக்குக்கூட நாம் இவ்வளவு யோசித்ததில்லை.

பெரியவர் அன்று பள்ளிச் சிறுவனாக இருந்திருப்பார். அவருக்கு ஞாபகம் இருப்பது சறுக்கு விளையாட்டும், ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் படிந்த பனிப்பூக்களும், வாசலில் வைத்த பால் உறைந்து பாட்டில் மூடியைத் தூக்கி நின்றதும்தான். உள்பக்கம் ஏன் பனி படிந்தது? அன்று பெரும்பாலான வீடுகளில் மைய வெப்ப வசதி கிடையாது. ஒரு அறையில் கரி அடுப்பு, மற்ற அறைகளில் குளிர். கரி சுமந்தது, உறைந்த குழாயோடு மல்லாடியது, கொல்லைக் கழிப்பறையில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்தது எல்லாம் அவருடைய அப்பா அம்மா. அவர்களைக் கேட்டிருந்தால் வேறு 1963 கிடைத்திருக்கும்.

1947-ஐ யாரும் இப்படி ஆசையாகச் சொல்லிக் கேட்டதில்லை. இத்தனைக்கும் பனி அந்த வருடம் குறைவில்லை. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை தொடர்ந்து 55 நாள், நாட்டில் எங்காவது ஒரு மூலையில் பனி பெய்துகொண்டே இருந்தது. ஆனால் போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ரொட்டிக்கே ரேஷன். நிலக்கரிச் சுரங்கங்களை அரசு ஏற்றது ஜனவரி 1-ம் தேதி. மூன்று வாரத்தில் இந்தக் குளிர் வந்தது. கரி இருப்பு ஏற்கெனவே குறைவு, இருந்த கரியை ஏற்றிய ரயில்களும் பனியில் மாட்டிக்கொண்டன. பிப்ரவரியில் பல பகுதிகளில் தொழிற்சாலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். வீடுகளுக்குக் காலை 9 முதல் 12 வரை, பகல் 2 முதல் 4 வரை வெட்டு. தொலைக்காட்சி நின்றது, வார இதழ்கள் நின்றன, லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை நின்றது. சூரியனும் அந்த மாதம் பெரும்பாலான நாட்கள் லண்டன் பக்கம் தலைகாட்டவில்லை. மலைப்பகுதிகளில் ஆடுகள் லட்சக்கணக்கில் செத்தன. மார்ச்சில் பனி உருகியதும் வெள்ளம். இந்தியாவை விட்டு வெளியேறப்போகிறோம் என்று பிரதமர் அட்லி நாடாளுமன்றத்தில் அறிவித்தது இதற்கெல்லாம் நடுவில், பிப்ரவரி 20-ம் தேதி. பள்ளிப் பாடத்தில் அந்தத் தேதியை மனப்பாடம் செய்தபோது, அன்று லண்டன் எப்படி நடுங்கிக்கொண்டிருந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வெப்பமானியை மட்டும் பார்த்தால் 1963-தான் மோசம். மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் 1947. வீட்டில் கரியும் ரொட்டியும் இருந்ததா என்பதுதான் என் கணக்கில் பெரிய வித்தியாசம். உங்கள் தோழி சொல்வதையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இன்றும் ஸ்னோ எல்லார் வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில உதவித்தொகை பெறுபவர்களுக்கு, ஏழு நாள் தொடர்ந்து சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் போகாவிட்டால் 25 பவுண்டு குளிர்கால உதவி உண்டு. அந்த 25 பவுண்டுக்குக் காத்திருப்பவருக்கும் உங்கள் மகளுக்கும் ஒரே வானிலை அறிக்கைதான்.

நான் பார்த்ததில் பெரியது 2010 டிசம்பர். 1890-க்குப் பிறகு அவ்வளவு குளிரான டிசம்பர் வந்ததில்லை. நாட்டின் பெரும்பகுதியில் தரையில் பனி கிடந்த கடைசி கிறிஸ்துமஸும் அதுதான். (வானிலைத் துறைக் கணக்கில் 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்பதற்கு அன்று நாட்டில் எங்காவது ஒரு பனிச் செதில் விழுந்தாலே போதும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஏமாறாதீர்கள்.) முதல் நாள் குழந்தை மாதிரி தோட்டத்தில் குதித்தேன். இரண்டாம் நாள் விடியலில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுவிட்டது. அதன் கழிவுநீர் போகும் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரில் உறைந்துபோயிருந்தது. அந்த வாரம் ஊரெல்லாம் அதே கதை என்பதால் மெக்கானிக் கிடைக்கவில்லை. கெட்டிலில் வெந்நீர் வைத்து, பைஜாமாவோடு வெளியே போய்க் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டம்மா ஜன்னலிலிருந்து "இன்னும் கொஞ்சம் கீழே ஊற்று" என்று கையால் காட்டினார்.

சரி, மறுபடி வருமா? லண்டன் மாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிறது, ஆனால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மாஸ்கோவைவிட வடக்கே. ஆனாலும் இங்கே குளிர் கம்மி. அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் மேற்குக் காற்றுதான் காரணம். அந்தக் காற்று நின்று, கிழக்கிலிருந்து ரஷ்யக் குளிர் வர வேண்டும். 2018-ல் நடந்தது அதுதான். பிப்ரவரி நடுவில் வட துருவத்துக்கு மேலே, பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று திடீரென்று சூடேறி, அங்கே சுழலும் குளிர்க்காற்று வளையம் உடைந்தது. மாதக் கடைசியில் கிழக்குக் காற்று வந்தது. ஸ்காட்லாந்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, 2019 பிப்ரவரி 26 அன்று, லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி வெயில்!

அப்படிப்பட்ட காற்று இனியும் வரும். சிக்கல் வேறு இடத்தில், உலகம் சூடாவதில் இருக்கிறது. மைனஸ் பதினைந்தில் இருக்கும் ஊர் ஒரு டிகிரி சூடானால் அங்கே பனி பனியாகவே பெய்யும். இங்கே ஸ்னோ எப்போதும் பூஜ்யத்துக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்கும் நடுவில் ஊசலாடுவது. அந்த ஒரு டிகிரியில் எல்லாம் மழையாகிவிடுகிறது. ரெடிங்குக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கிழக்குக் காற்று வட கடலில் ஈரம் வாங்கிக் கொட்டுவதில் பெரும்பங்கு கிழக்குக் கரையோரத்து கென்ட், எஸ்ஸெக்ஸ், நார்ஃபோக் பக்கமே தீர்ந்துவிடும். உங்களுக்கு நல்ல வாய்ப்பு, குளிர்காற்று தரையோடு தேங்கி நிற்கும்போது மேற்கிலிருந்து ஒரு மழை மேகம் வந்து அதன்மேல் ஏறுவது. ஐம்பது மைல் தள்ளி ஏறினால் வெறும் தூறல்தான்.

என் ஆசை சின்னது. வெள்ளி இரவு பெய்து, ஞாயிறு சாயங்காலத்துக்குள் ரோட்டில் உருகிவிடும் ஸ்னோ. உங்கள் தோழியும் அதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். வந்தால் மகளோடு தாராளமாக ஆடுங்கள், திரும்பி வரும்போது பெரியவருக்குப் பாலும் ரொட்டியும் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும். பத்து நாள் கழித்து ஒரு அடி பனி என்று போன் ஆப் காட்டினால் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கணிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். மூன்று நாளுக்குள் வந்தபிறகு சொன்னால் போதும், அதையும் "வரலாம்" என்று சொல்லுங்கள்.