தொட்டிச் செடி: கேள்வியும் பதிலும்

கேள்வி: வரவேற்பறையில் பீங்கான் தொட்டியில் மணி பிளான்ட் வைத்திருக்கிறேன். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. என்ன உரம் போடலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு டம்ளர்தான் காரணம். பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அடியில் துளை இருக்காது. தண்ணீர் தேங்கி, மண்ணில் காற்று புக வழியில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. அதனால்தான் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடி நிற்கும். வாட்டத்தைப் பார்த்து இன்னும் ஊற்றுவீர்கள், செடி போயே போய்விடும்.

செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். விறைப்பாக வெளிறிய நிறத்தில் இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் மெல்லிய நார் மட்டும் மிஞ்சினால் அழுகல், நாற்றமும் அடிக்கும். அவற்றை வெட்டிவிட்டு, செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் சம அளவில் கலந்து, இரண்டு கைப்பிடி மணல் சேர்த்து, துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நடுங்கள். பீங்கான் தொட்டியை விட மனமில்லையா? பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கழித்து, அடியில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். இனி நாள் கணக்கு வேண்டாம். ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

வேர் முழுவதும் போயிருந்தால், நல்ல கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீர் பாட்டிலில் போடுங்கள். கணு இல்லாத வெறும் இலை வேர் விட்டாலும் கொடியாகாது.

கேள்வி: பால்கனி செம்பருத்தியில் பஞ்சுபோல வெள்ளையாக அப்பியிருக்கிறது. எறும்பும் ஏறுகிறது.
– வாசகர், மதுரை

பதில்: மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது. பூச்சியை அடுத்த கிளைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான். அதிகம் அப்பிய நுனிகளை வெட்டி, பையில் கட்டி எறியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய். எண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலில் முதலில் குழைத்தால்தான் நீரோடு கலக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்புறமும் நனையத் தெளியுங்கள். பஞ்சுக்குள் இருக்கும் முட்டைகள் தப்பிவிடும். எனவே வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் தெளிக்க வேண்டும். ஒரே தடவை தெளித்துவிட்டு வேப்பெண்ணெய் வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றலாமா?
– வாசகி, சென்னை

பதில்: தொட்டிச் செடிக்கு வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மண்மேல் வெள்ளைப் பொருக்கும் இலை நுனிக் கருகலும் அதன் அடையாளம். ஏற்கெனவே அப்படி இருந்தால், நல்ல தண்ணீரைத் துளை வழியே தாராளமாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். கழிவுநீர் வீணாகிறதென்றால் தரை துடைக்கலாம்.