தாழ்மையின் குரலில் பேசும் நோய்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். தூத்துக்குடி மாவட்டத்தில் கிராமச் சபைகள் சில சேர்ந்த ஒரு சேகரத்தில் என் கணவர் குருவானவராக ஊழியம் செய்கிறார்கள். எனக்கு வயது 51. திருமணமான நாள்முதல் ஊர் ஊராக மாறி, எல்லா இடத்திலும் ஐயரம்மாவாகவே, அதாவது குருவானவரின் மனைவியாகவே, வாழ்ந்துவிட்டேன். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பாடசாலை, பிரசவ வீடு, துக்க வீடு, சபை விருந்தாகிய அசனத்துக்கு முந்தின இரவு காய்கறி நறுக்கும் கூட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். யாருக்காவது உடம்பு முடியவில்லையென்றால் கஞ்சி எடுத்துக்கொண்டு முதலில் போய் நிற்பவளும் நான்தான். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை செய்கிறார்கள்.

கடந்த லெந்து என்னும் தவக்காலத்திலிருந்து என்னால் பழையபடி இருக்க முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன்பின் விடியும்வரை, நான் செய்யத் தவறியவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. சாப்பாடு ருசிப்பதில்லை. சிறுவயதுமுதல் மனப்பாடமாயிருக்கிற ஞானப்பாட்டுகள் வாயில் வருகின்றன, ஆனால் உள்ளே எதுவும் அசைவதில்லை. காலையில் எழுந்திராமலே போய்விட்டால் எல்லாருக்கும் நல்லது என்றுகூடச் சில நாட்களில் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருநாள், “ஆண்டவரே, நான் ஒன்றுக்கும் உதவாதவள், என்னை இந்த இடத்தில் வைத்ததே தவறு” என்று ஜெபித்தேன். அது ஜெபத்துக்காகச் சொன்ன வார்த்தையல்ல. ஒவ்வொரு எழுத்தையும் உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். சுற்றியிருந்தவர்கள் “ஆமென்” என்றார்கள். முடிந்து வெளியே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க ஐயரம்மாவுக்கு எவ்வளவு தாழ்மை!” என்று முத்தமிட்டார்கள். அன்று இரவு முழுவதும் அழுதேன்.

பிறகு என் கணவரே என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சபையார் யாரும் பார்த்துவிடக்கூடாதென்று அதைக் கால்சியம் மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சில வாரங்களில் தூக்கம் கொஞ்சம் சரியானது. அந்த நேரத்தில் பக்கத்து ஊர் கன்வென்ஷனில் செய்தி கொடுத்த ஒருவர், விசுவாசிக்கு மனச்சோர்வு வருமானால் அது அவிசுவாசத்தின் ஆவி என்றும், மாத்திரையை எறிந்துவிட்டு ஜெபிக்கவேண்டும் என்றும் சொன்னார். நானும் நிறுத்திவிட்டேன். தலைசுற்றலும், மண்டைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வும் வந்ததால் பயந்துபோய் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு மாத்திரையை விழுங்கும்போதும் ஆண்டவரை மறுதலிப்பதுபோல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சபையில் ஒரு விதவைச் சகோதரி, கணவர் இறந்தபோது நாங்கள் கூடவே நின்ற குடும்பம், என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு, ஒருநாள் உளுந்தங்களி கிண்டி எடுத்துக்கொண்டு வந்து, துணி இருந்தால் கொடுங்கள், துவைத்துத் தருகிறேன் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஊழியக்காரர் வீட்டில் நாம்தான் கொடுக்கவேண்டும், வாங்கக்கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். அவள் முகம் வாடிப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாத்திரை எடுப்பது அவிசுவாசமா? உள்ளே ஒன்றுமில்லாமல் ஜெபக்கூட்டம் நடத்துகிற நான் மாயக்காரியா? கிருபை என்னைவிட்டுப் போய்விட்டதா? தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குருவானவரின் மனைவி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன செய்தியிலிருந்து தொடங்குகிறேன். காலையில் எழுந்திராமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுவதை, இதே சொற்களில், இன்றைக்கே உங்கள் கணவரிடமும், இந்த வாரத்துக்குள் உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அந்த எண்ணம் வலுத்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் வழிகளை மனம் யோசிக்கத் தொடங்குமானால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கணவரை எழுப்புங்கள், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவை இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இதைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். வேதாகமத்தில், கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும், நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல” என்று சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தனியாக எடுத்துப் படித்தால் அது ஒரு பக்தனின் தாழ்மையான வாக்கியம்போலவே இருக்கிறது. முழுதாகப் படித்தால்தான் அது சாக விரும்பும் மனிதனின் சோர்வு என்று தெரிகிறது. தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டபோது தடுக்கவில்லை, இரண்டாவது முறையும் எழுப்பி உணவு கொடுத்தான். ஓரேப் மலையில் எலியாவிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் அதற்குப் பின்புதான் வந்தன.

உங்கள் ஜெபத்துக்கும் இதேதான் நேர்ந்திருக்கிறது. மனச்சோர்வு நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில், தூக்கக் குறைவு, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றோடு, தான் எதற்கும் பயனற்றவர் என்ற உணர்வும் மிதமிஞ்சிய குற்றவுணர்வும் சேர்ந்தே இருக்கின்றன. இந்த நோய் ஒரு கடைக்காரருக்கோ ஆசிரியருக்கோ வந்து, “நான் ஒன்றுக்கும் உதவாதவன்” என்று அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால், வீட்டில் யாராவது ஒருவராவது பதறிப்போவார்கள். சபையில் அப்படி நடப்பதில்லை. தன்னைத் தாழ்த்திப் பேசுவது நம் ஜெபங்களின் வழக்கமான மொழியாக இருப்பதால், நோய் அந்த மொழியை அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறது. கேட்பவர்கள் “ஆமென்” சொல்கிறார்கள். அந்தப் பாட்டி அன்பினால்தான் உங்கள் கையை முத்தமிட்டார்கள். ஆனால் நீங்கள் உதவி கேட்டுக் கூப்பிட்ட சத்தம் அவர்களுக்குப் புகழ்ச்சிக்குரிய பக்தியாகக் கேட்டுவிட்டது. அன்று இரவு நீங்கள் ஏன் அழுதீர்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

அப்படியானால் தாழ்மையையும் இந்த நோயையும் எப்படிப் பிரித்தறிவது? என் அனுபவத்தில், உண்மையான மனந்திரும்புதலுக்கு ஒரு பொருள் உண்டு, ஒரு முடிவும் உண்டு. இன்னாரிடம் இன்னது பேசினேன், அது தவறு என்று மனம் குறிப்பாகச் சொல்லும். மன்னிப்புக் கேட்டபின், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்தபின், அது அடங்கும். நோயின் குற்றவுணர்வுக்கு இப்படி ஒரு பொருள் தேவையில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அது கையில் கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொள்ளும். ஒன்றை அறிக்கை செய்தால் அடுத்ததை எடுக்கும். எவ்வளவு ஜெபித்தாலும் மன்னிப்பு வந்து சேர்ந்ததாக ஒப்புக்கொள்ளாது. பவுல் தம்மைப் பிரதான பாவி என்று எழுதினார். ஆனால் அதே மூச்சில் “அப்படியிருந்தும்” என்று தொடங்கி, தாம் இரக்கம்பெற்றதைச் சொல்லித்தான் அந்தப் பகுதியை முடிக்கிறார். உங்கள் ஜெபம் அந்த “அப்படியிருந்தும்” வருவதற்கு முன்பே நின்றுபோகிறது.

ஞாயிறு ஆராதனையை நினைத்துப் பாருங்கள். பாவ அறிக்கை செய்தவுடன் நம்மை அப்படியே முழங்காலில் விட்டுவிட்டு ஒழுங்குமுறை அடுத்த வாரத்துக்குப் போய்விடுவதில்லை. குருவானவர் எழுந்து நின்று பாவமன்னிப்பைக் கூறுகிறார். அதை உங்கள் ஊரில் கூறுபவர் உங்கள் கணவர். சபையில் இருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தும் என்று நம்புகிற நீங்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு மட்டும் அது பொருந்தாது என்று வைத்திருக்கிறீர்கள். அந்த வார்த்தைகளை இரவில் உங்களுக்கென்று ஒருமுறை வாசித்துக் காட்டும்படி அவரிடம் கேளுங்கள். உணர்வு எதுவும் வராமல் போகலாம். வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். மகிழ்ச்சியை உணரும் திறனை இந்த நோய் மரத்துப்போகச் செய்கிறது. பாட்டிலும் ஜெபத்திலும் உள்ளே எதுவும் அசையாததை வைத்துக் கிருபை போய்விட்டதென்று முடிவுசெய்வது சரியல்ல. கிருபை நம்முடைய உணர்ச்சியைச் சார்ந்து நிற்கும் ஒன்றல்ல. 88ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. அதை எழுதியவரை மாயக்காரர் என்று யாரும் வேதாகமத்திலிருந்து நீக்கவில்லை. நீங்களும் மாயக்காரி அல்ல.

மாத்திரையைப் பற்றி இன்னும் தெளிவாகச் சொல்லவேண்டும். ஒருவருடைய நோயையும் மருந்தையும் அறியாமல், மாத்திரையை எறிந்துவிடுங்கள் என்று மேடையிலிருந்து சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனெனில் அப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டு, முன்னைவிட மோசமான நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வகை மருந்துகள் பலன் தரத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரங்களும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்; குணம் தெரிந்தபின்னும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஓராண்டு வரையும் தொடரவேண்டியிருக்கும்; நிறுத்தும்போது மருத்துவர் சொல்லியபடி சிறிதுசிறிதாகத்தான் குறைக்கவேண்டும். உங்களுக்கு வந்த தலைசுற்றலும் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வும் திடீரென்று நிறுத்தியதால் வந்தவை. அவற்றில் தண்டனை எதுவும் இல்லை. நடுவில் நிறுத்தியதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வயதில் தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் சோர்வைக் கூட்டக்கூடும். மாதவிடாய் நிற்கும் காலமும் இதுதான் என்பதால், ரத்தப் பரிசோதனை இன்னும் செய்யவில்லையென்றால் அதையும் கேளுங்கள்.

விசுவாசமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பவர்கள் இந்தியத் திருச்சபையின் வரலாற்றை அறியவேண்டும். அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ், இந்தியாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் மனமும் உடலும் நொறுங்கி ஊழியம் செய்ய முடியாமல் போனார். லக்னோவில் ஜெபத்தில் இருந்தபோது தமக்குப் புதுப்பெலன் கிடைத்ததாக அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். ஜெபத்தினால் எழுந்த அந்த மனிதர்தான், 1950இல் அதே லக்னோவில் நூர் மன்சில் மனநல மருத்துவமனையை நிறுவினார். தமக்குக் கிடைத்ததுபோலவே எல்லாருக்கும் கிடைக்கவேண்டும், மருந்து எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நம் மாநிலத்திலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. அங்கே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. அந்தக் கால்சியம் டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்து அதற்குரிய அட்டையிலேயே வையுங்கள். டப்பா மாறினால் அளவும் பெயரும் குழம்பும் என்பது ஒரு காரணம். உங்கள் வீட்டுக்குள்ளேயாவது நீங்கள் ஒளிந்து வாழக்கூடாது என்பது இன்னொரு காரணம்.

இனி அந்த விதவைச் சகோதரியைப் பற்றி. உங்கள் நோய்க்குப் பெருமையோ பாவமோ காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படி யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஆனால் உளுந்தங்களியைத் திருப்பி அனுப்பிய அந்த வழக்கம் நோய்க்கு முன்பே உங்களிடம் இருந்திருக்கிறது. ஊழியக் குடும்பங்களில் அதைத் தாழ்மை என்றே பழக்கிவிடுகிறார்கள். யோவான் 13ஆம் அதிகாரத்தில், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவ வந்தபோது, பேதுருவும் தாழ்மையாகத்தான் பேசினான். “நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது” என்பதில் என்ன குறை காண முடியும்? ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. தம்மிடமிருந்து பெற்றுக்கொள்ள மறுக்கிறவனுக்குத் தம்மிடத்தில் பங்கில்லை என்று, கடுமையாகவே பேசினார். எப்போதும் கொடுக்கிற இடத்திலேயே நிற்பவருக்குக் கிருபை என்பது மற்றவர்களுக்குப் பரிமாறும் பண்டமாகிவிடுகிறது. தன் இலையில் அது விழுவதேயில்லை. அது மட்டுமல்ல, கணவரை இழந்தபோது உங்களிடம் பெற்றுக்கொண்ட அந்தப் பெண், இப்போது உங்களுக்குச் சமமாக நின்று கொடுக்க வந்தாள். வாங்கிக்கொண்டிருந்தால் அவளுக்கும் அது மரியாதையாக இருந்திருக்கும்.

அவளைக் கூப்பிட்டனுப்புங்கள். நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். உடம்பு முடியவில்லை, மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு உன்னைத் திருப்பி அனுப்பியிருக்கக்கூடாது என்று சொன்னால் போதும். துணியையும் கொடுங்கள். சபை முழுவதற்கும் இதைச் சாட்சியாகச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. நம்பத்தக்க ஓரிருவர் அறிந்திருந்தால் இப்போதைக்குப் போதுமானது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைச் சில மாதங்களுக்குச் சங்கத்தின் செயலாளரோ மூத்த சகோதரி ஒருவரோ நடத்தட்டும். நீங்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் ஜெபிப்பதைக் கேளுங்கள், முடியாத நாளில் போகவே வேண்டாம். காலையில் வெயில் ஏறுமுன் கணவரோடு சிறிது தூரம் நடப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனம் விரும்புகிறதா என்று பார்க்காமல் கால்களை நடக்கவிடுவது இந்த நோய்க்குச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

ஐயரவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியை மருத்துவரிடம் தாமே அழைத்துச் சென்றதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். பல ஊழியர் வீடுகளில் அது நடப்பதில்லை. சம்பளமோ விடுப்போ இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஒரு பெண் இரண்டாம் ஊழியராக உழைத்திருக்கிறார் என்பதைச் சேகரக் கமிட்டி அறியும்படி செய்வதும், ஐயரம்மா சில காலம் கூட்டங்களுக்கு வரமாட்டார்கள் என்று காரணம் விரித்துரைக்காமல் அறிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. அடுத்தமுறை மருத்துவரைப் பார்க்கும்போது அவர்களும் உள்ளே வந்து உட்காரட்டும். மருந்தின் காலம், பக்கவிளைவுகள், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே கூப்பிடவேண்டும் என்பவற்றை இருவரும் சேர்ந்தே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தோடு உளவியல் ஆலோசனையும் வாரம் ஒருமுறை கிடைக்குமா என்று அதே நாளில் விசாரியுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்தபின் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்